ஒரே அடுப்புல ஆறு பேரு

அழிக்கிறதுக்கு அங்க பட்டனே இல்ல. ஒடிலியா மூணு தடவ தேடிட்டா. காலேஜ் லைப்ரரி பொம்பளைங்க கக்கூஸ்ல கடைசிக் கதவச் சாத்திக்கிட்டு, மூடி மேல உக்காந்து போனத் தேய்க்கிறா, தேய்க்கிறா, கட்டவெரலு வேர்த்து வழுக்குது. மூணு வாரம் முன்னாடி அவ அனுப்புன ஃபாரத்துக்குப் பக்கத்துல பச்சையா ஒரு டிக் இருந்துச்சு. வந்து சேந்துருச்சுன்னு அர்த்தம். திருப்பி வாங்கிக்கிறதுக்கு வழி எதுவும் இல்ல. அதுக்குக் கீழதான் இன்னைக்குக் காலைல வந்த செவப்பு எழுத்து.

'உங்கள் குடும்பத்தினர் என நீங்கள் குறிப்பிட்டுள்ள கீழ்க்கண்ட மூவரின் அடையாளச் சான்று, வருமானச் சான்று, உங்கள் தாயார் இவர்களைப் பராமரிப்பதாகக் கையெழுத்திட்ட விளக்கம் ஆகியவற்றை வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்பவும். தவறினால் உங்கள் உதவித்தொகை விண்ணப்பம் பரிசீலிக்கப்படாது.'

அதுக்கும் கீழ மூணு பேரு, பொறந்த வருஷத்தோட. சிரிலோ. அபுந்தியோ. ஹசிந்தோ. அவ கையாலயே தட்டுன பேருங்க.

இந்த நாட்டுல இருக்குறதுக்கு அந்த மூணு பேருகிட்டயும் துண்டுக் காகிதம் கெடையாது. அவங்க பேர, அவங்க இருக்கிற வீட்டு விலாசத்தோட, கவர்மென்ட் கேக்குற ஃபாரத்துல எழுதி அவளே அனுப்பியிருக்கா. யாரும் கேட்டு மிரட்டல. அடிச்சு வாங்கல.

"நான் பொய் சொல்லல"ன்னு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டா. கதவ யாரோ தட்டுனாங்க. தண்ணிய இழுத்து விட்டா.

அவ பொய் சொல்லலதான். நடந்தது இதுதான். மூணு வாரம் முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம. அம்மா எர்மீனியா கல்லுல தோர்த்தியா ரொட்டி போட்டுக்கிட்டு இருந்தா. மக்காச்சோள மாவுல ஒரு உருண்ட, ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல நாலு தட்டு, கல்லு மேல ஒரு வீச்சு. ஒடிலியா சாப்பாட்டு மேசையில லேப்டாப்ப வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. ரெண்டு வருஷம் உள்ளூர்க் காலேஜ்ல படிச்சாச்சு. மூணாவது வருஷத்துக்கு வடக்க இருக்கிற பெரிய யுனிவர்சிட்டிக்கு மாறணும். நிலத்தடித் தண்ணியப் பத்திப் படிக்கணும்னு ஆச. அவங்க தெருவுல கெணறு வத்தி, ஏழு மாசம் லாரித் தண்ணியில குளிச்சவ அவ. எடம் உண்டா இல்லையான்னு ஏப்ரல் கடைசியில சொல்வாங்க. அதுக்குள்ள உதவித்தொகைக்குச் சரிபார்ப்புன்னு அவளப் பொறுக்கி எடுத்து, ஃபாரம் அனுப்பியிருந்தாங்க.

"அம்மா, நம்ம வீட்டுல மொத்தம் எத்தன பேருன்னு போட?"

"என்னடி கேள்வி இது. தெனம் நீதான தட்டு வைக்கிற."

"ஆறா?"

"பின்ன ஏழா? பூனையையும் சேக்கப் போறியா?"

அம்மாவோட ஊரு எல்லைக்குத் தெக்க, வஹாக்கா மலைக்குள்ள. அங்க ஊர்க்கணக்கு எடுக்க வர்றவன் தலைய எண்ண மாட்டான், அடுப்ப எண்ணுவான். ஒரு அடுப்புல சாப்பிடுறவங்க ஒரு வீடு. ரோடு போட ஆளு குடுக்கிறதுன்னாலும் சரி, சாமி விழாவுக்கு வரி போடுறதுன்னாலும் சரி, அடுப்புதான் கணக்கு. கலிபோர்னியாவுக்கு வந்து இருபத்திரெண்டு வருஷம் ஆகியும் அம்மாவுக்கு வேற கணக்கு தெரியாது. வீட்டுல அம்மா, ஒடிலியா, தங்கச்சி அசுசேனா. அப்பா ஓரிகன் பக்கம் வேற ஒருத்தி கூடப் போய்ப் பத்து வருஷமாச்சு. கார் ஷெட்டத் தடுத்துக் கட்டுன ரூம்ல மூணு ஆம்பளைங்க, எல்லாம் அம்மா ஊருக்காரங்க. ஆக ஆறு.

ஃபாரம் அடுத்து உறவு என்னன்னு கேட்டுச்சு. வீட்டுக்கு வந்த நாள்லயிருந்து மாமான்னு கூப்பிடுறவங்கள வேற என்னன்னு போடுவா? மாமான்னு போட்டா. அவங்க செலவுல பாதிக்கு மேல உங்க தாயார் பாக்குறாங்களான்னு கேட்டுச்சு. விடிய மூணரைக்கு எந்திரிச்சு அவங்களுக்குக் கட்டுச்சோறு கட்டுறது யாரு? பிசினு புடிச்ச சட்டையத் தொவைக்கிறது யாரு? சிரிலோ மாமா நெஞ்சுச்சளியில கெடந்தப்ப பதினோரு நாளு பக்கத்துல முழிச்சிருந்தது யாரு? ஆமான்னு தட்டிட்டா. அவங்க மூணு பேரும் வாரா வாரம் தொண்ணூறு தொண்ணூறு டாலர் அம்மா கையில குடுக்கிறது அப்ப அவ நெனப்புலயே வரல. அதுக்கு வாடகைன்னோ வருமானம்னோ அந்த வீட்டுல யாரும் பேரு வச்சதில்ல. 'அடுப்புக்கு வைக்கிறது'ன்னு சொல்லுவாங்க.

செவப்பு எழுத்து வந்த அன்னைக்குச் சாயங்காலம் பஸ்ஸ விட்டு எறங்கி, திராட்சத் தோட்டத்து ஓரமா வீட்டுக்கு நடந்தா. கொடியெல்லாம் ஒரு சாண் துளிர் விட்டிருந்துச்சு. எதுத்தாப்புல ஒரு வெள்ள வேன் மெதுவா வந்துச்சு. இமிக்ரேஷன் வேனோன்னு கொடிக்குப் பின்னாடி ஒதுங்கி நின்னா. பக்கத்துல வந்தப்புறம் பாத்தா சொட்டுநீர்க் கொழா ரிப்பேர் பண்றவன், கை ஆட்டிட்டுப் போறான்.

அம்மாகிட்ட சொன்னா. அம்மா பீன்ஸ் பாத்திரத்துல கரண்டிய விட்டுக் கிண்டிக்கிட்டே கேட்டா. கிண்டுறத நிறுத்தல.

"பேரு மட்டுந்தானா, விலாசமுமா?"

"விலாசம் என் விலாசந்தானம்மா. மேலயே இருக்கு."

"எனக்குப் பச்ச அட்டை இருக்கு. நீங்க ரெண்டு பேரும் இங்க பொறந்தவளுங்க. நமக்கு ஒண்ணும் இல்ல." கொஞ்ச நேரம் கழிச்சு, "நமக்கு ஒண்ணும் இல்லன்னு நான் சொல்றேன் பாரு. என் வாயில புழு வைக்க."

"இப்ப என்னம்மா பண்றது?"

"அவங்ககிட்ட வாயத் தொறக்காத. அபுந்தியோ ஏற்கெனவே நெழலப் பாத்தாலே ஒதுங்குறவன். முதல்ல காலேஜ்ல உதவித்தொகை பாக்குற பொம்பளையப் போய்ப் பாரு. வழி தெரிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்."

ஆறு மணிக்கு மூணு பேரும் வந்தாங்க. ஆரஞ்சு பறிக்கிறவங்க வர்றதுக்கு முன்னாடி அவங்க வாசன வரும். தோலெண்ணெயும் தூசியும் சேந்து, மூக்க அடைக்கிற வாசன. கொழாயடியில கை கழுவிட்டு மேசைக்கு வந்தாங்க. கறுப்பு பீன்ஸ், சுட்ட மொளகாச் சட்னி, முள்ளு சீவி வதக்குன சப்பாத்திக்கள்ளி, துணியில மூடுன ரொட்டி.

சிரிலோவுக்கு அம்பத்திரெண்டு வயசு. மூத்தவரு. எழுதப் படிக்கத் தெரியாது, வாய் மட்டும் ஓயாது. "தங்கச்சி, இன்னைக்கு மேஸ்திரி எங்கள ஒம்பது மணி வரைக்கும் உக்கார வச்சுட்டான். பனி ஈரம் காயலையாம். ஈரத்துல தொட்டா பழத்துத் தோலு கறுத்துடுமாம். மூணு மணி நேரம் பழத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தோம், பொண்ணு பாக்கப் போன மாதிரி."

"பொண்ணு என்ன சொல்லுச்சு?"ன்னா அம்மா.

"ஏணி எடுத்துட்டு வான்னுச்சு."

ஹசிந்தோ வாய மூடிக்கிட்டுச் சிரிச்சான். இருபத்தி மூணு வயசு, யார் பேசுனாலும் சிரிப்பான். அபுந்தியோ சிரிக்கல. அவரு சாப்பிடுறப்ப வாசலப் பாத்துத்தான் உக்காருவாரு. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவ புடிபட்டு, ரெண்டு மாசம் உள்ள கெடந்து, எல்லையில கொண்டுபோய் விட்டாங்க. திரும்பி வர்ற வழியில பாலைவனத்துல கூட வந்த தம்பிய விட்டுட்டு வந்தவரு. அதப்பத்தி யாரும் பேசுறதில்ல.

"ஏன் தாயி ரொட்டியப் பிச்சுப் பிச்சு வைக்கிற? கோழிக்கா?"ன்னு சிரிலோ கேட்டாரு. "யுனிவர்சிட்டிக்காரன் கடுதாசி போட்டானா?"

"இன்னும் இல்ல மாமா."

"போடலன்னா போறான். நம்ம மேஸ்திரி படிச்ச பொண்ணு கெடச்சா பறிச்ச பழத்தொட்டி எண்ண விடுவான். இப்ப எண்ணுறவன் நம்ம பதினாறு தொட்டிய பதினாலுன்னு எண்ணுறான்."

ஒடிலியாவோட போனு மேசையில கெடந்துச்சு. அசுசேனாவுக்குப் பன்னெண்டு வயசு, அக்கா போனு வெளிச்சம் போட்டா எட்டிப் பாக்காம இருக்க மாட்டா. "அக்கா, ஞாபகப்படுத்துறோம்னு வந்திருக்கு. இது என்ன, அபுந்தியோ மாமா பேரு இருக்கு?"

அபுந்தியோ மெல்லுறத நிறுத்துனாரு.

"எங்க?"

"இந்தா, இங்க. சிரிலோ மாமா பேரும் இருக்கு. பொறந்த வருஷமும் போட்டிருக்கு."

அம்மா அசுசேனா கையிலருந்து போனப் புடுங்குனா. ஆனா அதுக்கு மேல ஒளிக்க என்ன இருக்கு? ஒடிலியா எல்லாத்தையும் சொன்னா. சொல்லச் சொல்ல அவளுக்கே கதையாட்டம் கேட்டுச்சு. மூணு வாரமா அந்தப் பேருங்க அங்க இருக்குங்கிறதச் சொன்னப்ப அபுந்தியோ கை கழுவிட்டு வந்து திரும்பவும் உக்காந்தாரு. சாப்பிடல.

"என் பொறந்த வருஷம் உனக்கு எப்படித் தெரியும்?"

"போன வருஷம் உங்களுக்குக் கேக் வெட்டினோம்ல மாமா. முப்பத்தஞ்சுன்னு மெழுகுவத்தி வச்சோம்."

அவரு தலைய ஆட்டுனாரு. "சரி. கேக்குக்கு இது வெல."

"அவ தெரிஞ்சா பண்ணா?"ன்னு அம்மா எரிஞ்சு விழுந்தா. "நாந்தான் ஆறுன்னு சொன்னேன். திட்டணும்னா என்னத் திட்டு."

"நான் யாரையும் திட்டலக்கா. நான் என்ன திட்டுற எடத்துலயா இருக்கேன்?"

சிரிலோ சட்னிய வழிச்சு நக்கிட்டுச் சொன்னாரு. "இருபத்தாறு வருஷமா இந்த ஊர்ல பழம் பறிக்கிறேன். என் பேரு சிரிலோன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. மேஸ்திரி 'பெரிசு'ங்கிறான். சம்பளச் சீட்டுல வேற எவன் பேரோ இருக்கு. இப்பத்தான் ஒரு பெரிய எடத்துல என் பேரு ஏறியிருக்கு. அதுவும் யுனிவர்சிட்டில. ஊர்ல சொன்னா நம்புவாங்களா?"

யாரும் சிரிக்கல. ஹசிந்தோ கூட.

மறுநாளு காலேஜ்ல உதவித்தொகை மேசையில மிஸ் ஷியோங்கப் பாத்தா. ஃப்ரெஸ்னோல பொறந்தவங்க, அப்பா அம்மா லாவோஸ் மலையிலருந்து ஓடி வந்தவங்க. ஃபாரத்தப் பாத்த ஒடனே கண்ணாடியக் கழட்டிட்டாங்க.

"மாமான்னு போட்டிருக்க. கூடப்பொறந்த மாமாவா, கூப்பிடுற மாமாவா?"

"கூப்பிடுற மாமா."

"நான் உன் வயசுல பதினாலு பேரு போட்டேன். எங்க பெரியப்பா வீட்டையும் சேத்து. எங்க வம்சத்துல அவங்க வேற வீடுன்னு சொன்னா அடி விழும்." சிரிச்சாங்க. அப்புறம் சிரிப்ப நிறுத்திட்டு, "அவங்க காசு குடுக்குறாங்களா?"

ஒடிலியா சொன்னா. மிஸ் ஷியோங் ஒரு தாள எடுத்து எழுதிக் காட்டுனாங்க. அவங்க குடும்பம் இல்ல, காசு குடுத்துத் தங்குறவங்க. அதனால மூணு பேரையும் அடிச்சுட்டு, வீட்டுல மூணே பேருன்னு திருத்தி அனுப்பணும். ஏன் தப்பாச்சுன்னு அம்மா கையெழுத்துப் போட்டு ஒரு விளக்கம். அவங்க குடுக்குற காசு அம்மாவோட வருமானம், அதையும் எழுதணும்.

"அம்மா அத டாக்ஸ்ல காட்டுனதில்ல மிஸ்."

"எத்தன வருஷமா?"

"எப்பவுமே."

மிஸ் ஷியோங் பேனாவக் கீழ வச்சாங்க. "அப்ப டாக்ஸையும் திருத்தணும். கொஞ்சம் கட்ட வேண்டி வரும். எல்லாத்தையும் சரியா எழுதிட்டா ஒண்ணும் ஆகாது. உதவித்தொகை கொறையும். எவ்வளவு கொறையும்னு இப்ப சொல்ல முடியாது."

"எழுதலன்னா?"

"எழுதலன்னா நீ தெரிஞ்சு பொய் சொன்ன மாதிரி. நேத்து வரைக்கும் உனக்குத் தெரியாது. இன்னைக்குத் தெரியும்ல."

ஒடிலியா நாற்காலி நுனியில இருந்தா.  "மிஸ், அந்தப் பேருங்க எங்கயும் போகாதுல்ல?"

"எங்க?"

"இமிக்ரேஷனுக்கு."

அவங்க கதவு சாத்தியிருக்கான்னு பாத்தாங்க. "பதினாறு வருஷமா இந்த மேசையில இருக்கேன். அப்படிப் போய் நான் பாத்ததில்ல."

"போகாதுன்னு சொல்றீங்களா, பாத்ததில்லன்னு சொல்றீங்களா?"

"பாத்ததில்லன்னு சொல்றேன் கண்ணு."

வியாழக்கெழம மழ புடிச்சுக்கிச்சு. ஏப்ரல் மாசக் கடைசியில மழ பேஞ்சா அந்தப் பக்கத்துல யாருக்கும் நல்லது இல்ல. ஆரஞ்சுக் காட்டுல ஏணி எறங்காது. மூணு ஆம்பளைங்களும் வீட்டுல. அம்மா பழம் அடுக்குற வேலைக்குப் பேக்கிங் ஷெட்டுக்குப் போகல, அங்க சீசன் இன்னும் ஆரம்பிக்கல. ஒடிலியா வகுப்புக்குப் போகல. அடுப்படியில ஆறு பேரும் ஒருத்தர ஒருத்தர் இடிச்சுக்கிட்டு நின்னாங்க. சன்னல் கண்ணாடியில ஆவி படிஞ்சிருந்துச்சு.

அம்மா சோளத்தச் சுண்ணாம்புத் தண்ணியில வேக வச்சுக்கிட்டே கேட்டா. "மூணே பேருன்னு எழுதுனா அவங்க திரும்பக் கேப்பாங்களா, அந்த மூணு பேரு எங்கன்னு?"

"தங்குறவங்கன்னு எழுதணும்மா."

"அப்ப நான் லாட்ஜு நடத்துறவ."

"தங்கச்சி, நல்ல லாட்ஜுதான் இது"ன்னாரு சிரிலோ. "சுடுதண்ணி கெடையாது, பூனை ஒண்ணு இருக்கு."

"சும்மா இருண்ணா." அம்மா கரண்டியக் கீழ வச்சா. "பதினஞ்சு வருஷமா நான் போட்ட சோத்துக்கு வருமானம்னு பேரு. இவ படிப்புக்காக நான் அதுல கையெழுத்துப் போடணும். உங்க மூணு பேரையும் பாத்து, நீங்க எனக்கு யாரும் இல்லன்னு எழுதித் தரணும். அதுதானடி?"

ஒடிலியா தலைய ஆட்டுனா. ஆமா. அதுதான்.

சிரிலோ தொண்டையச் செருமுனாரு. "இன்னொரு வழி இருக்குல்ல. நான் மாமாதான்னு கையெழுத்துப் போடுறேன். கையெழுத்துன்னா பெருவெரலு. நம்ம நாட்டுத் தூதரகத்துல குடுத்த அட்டை இருக்கு, அதுல என் நெசப் பேருதான். குடு, ஒட்டி அனுப்பு. பேருதான் ஏற்கெனவே போயிருச்சே. மொகத்தையும் பாத்துட்டுப் போகட்டும்."

"வருமானச் சான்று கேக்குறாங்க மாமா. உங்க சம்பளச் சீட்டுல..."

"ஆமாமா. அதுல நான் வேற ஆளு." யோசிச்சாரு. "அந்த ஆளயும் மாமான்னு போட முடியாதா?"

இந்தத் தடவ அசுசேனா சிரிச்சுட்டா. அந்த நேரம் பாத்துத்தான் சத்தம் கேட்டுச்சு. மொதல்ல தூரத்துல, அப்புறம் கூரைக்கு நேர் மேல. ஹெலிகாப்டர். தட்டெல்லாம் அதிர்ற மாதிரி தாழப் பறந்துச்சு.

அது என்னன்னு அந்த அடுப்படியில எல்லாருக்கும் தெரியும். மழ விட்டா செர்ரித் தோட்டக்காரங்க ஹெலிகாப்டர வாடகைக்கு எடுப்பாங்க. மரத்துக்கு மேல பறக்க விட்டு, காத்துல பழத்து மேல நிக்கிற தண்ணிய ஒதறுவாங்க. இல்லன்னா பழம் வெடிச்சுப் போகும். வருஷா வருஷம் நடக்குறதுதான். அபுந்தியோவே ரெண்டு வருஷம் செர்ரி பறிச்சவரு.

ஆனாலும் அவரு எந்திரிச்சுப் போயி வெளக்க அணைச்சாரு. சன்னல் திரைய இழுத்து விட்டாரு. செவுத்தோட முதுக ஒட்டி நின்னுக்கிட்டாரு. அந்தச் சத்தம் போற வரைக்கும் யாரும் அசையல. சோளம் மட்டும் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு. அரையிருட்டுல ஒடிலியா அவரு கையப் பாத்தா. தொடையோட அழுத்திப் புடிச்சிருந்தாரு.

"செர்ரிதான் அபுந்தியோ"ன்னா அம்மா, மெதுவா.

"தெரியும்க்கா."

வெளக்க யாரும் போடல. ஒடிலியா அழ ஆரம்பிச்சா. "நான் விட்டுடுறேன். எனக்கு ஒண்ணும் வேணாம். யுனிவர்சிட்டியும் வேணாம். எடமே கெடைக்கலன்னா என்ன பண்றது? எடமும் இல்லாம, உங்களயும் காட்டிக் குடுத்துட்டு... நான் எதுவும் அனுப்பாம விட்டுட்டா அவங்க மறந்துருவாங்கல்ல?"

"நீ விட்டா என் பேரு அங்கருந்து எந்திரிச்சு வந்துருமா?"ன்னு அபுந்தியோ கேட்டாரு. கோவம் இல்ல. நெசமாவே கேக்குற மாதிரி இருந்துச்சு. "வராதுல்ல. அப்ப ஏன் விடுற? எங்களப் பத்தி எழுது. தங்குறவங்க, யாருன்னு தெரியாது, போயிட்டாங்கன்னு எழுது."

"போயிட்டாங்கன்னு எப்படி எழுதுறது? இங்கதான இருக்கீங்க."

அவரு திரைய லேசா நீக்கி வெளிய பாத்தாரு.

அம்மா அன்னைக்குப் பூரா அடுப்படியிலயே கெடந்தா. சோளத்த அரைச்சா, அடுப்பத் தொடச்சா, தொடச்ச எடத்தையே திரும்பத் தொடச்சா. பொழுது சாயுற நேரத்துல ஒடிலியாவுக்கு எதுத்தாப்புல வந்து உக்காந்தா அம்மா. "எழுதுடி. நான் சொல்லச் சொல்ல எழுது. பொய் வேணாம். பொய் சொன்னா அடுத்த பொய்க்கு எடம் வைக்கணும், நம்ம வீட்டுல எடம் இல்ல."

ஒடிலியா எழுதுனா. 'என் பெயர் எர்மீனியா. நான் மூவருக்குச் சமைத்துப் போட்டு, ஆளுக்கு வாரம் தொண்ணூறு டாலர் வாங்குகிறேன். எங்கள் ஊரில் ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்களை ஒரே வீடு என்போம். அதனால் என் மகளிடம் ஆறு என்று சொன்னேன். இங்கே அப்படி எண்ணுவதில்லை என்று எனக்குத் தெரியாது. அந்த மூவரும் என் உறவினர் அல்ல.'

கடைசி வரிக்கு வந்தப்ப அம்மா நிறுத்துனா. ரொம்ப நேரம் மேசையில இருந்த மாவுத் துகள வெரலால ஒதுக்கிக்கிட்டு இருந்தா. அப்புறம், "அத அப்படியேதான் எழுதணுமா?"ன்னா.

"ஆமாம்மா."

கையெழுத்துப் போட்டா. பேனாவ மூடி வச்சுட்டு எந்திரிச்சுப் போயி மொகத்தக் கழுவுனா.

வெள்ளிக்கெழம வெயிலடிச்சுச்சு. ஒடிலியா எந்திரிச்சு அடுப்படிக்கு வந்தப்ப ஷெட்டுக் கதவு தொறந்து கெடந்துச்சு. மூணு கட்டில்ல ஒண்ணுல போர்வையச் சதுரமா மடிச்சு வச்சிருந்துச்சு. அதுக்கு மேல ஆரஞ்சு வெட்டுற கத்திரி. அது மேஸ்திரியோடது, திருப்பிக் குடுக்க வேண்டியது. அபுந்தியோ கெளம்பிட்டாரு.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"மூணரைக்கு அடுப்படிக்கு வந்தான். கட்டுச்சோறு கேட்டான். ரெட்டையாக் கட்டிக் குடுத்தேன்."

"எங்க போறாரு?"

"கேக்கல. கேட்டா எனக்குத் தெரிஞ்சு போகும். தெரிஞ்சா நாளைக்கு எவனாவது கேட்டா நான் சொல்லணும்." அம்மா ரொட்டிக் கல்லத் தேச்சுக் கழுவிக்கிட்டு இருந்தா. "உன்கிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னான். கேக்கு நல்லா இருந்துச்சாம்."

மூணே முக்காலுக்கு ஒடிலியா எல்லாத்தையும் அனுப்புனா. அம்மாவோட விளக்கம், திருத்துன ஃபாரம். திருத்துனதுன்னா, பழைய தாளயே அச்செடுத்து, மூணு பேரு மேலயும் ஒத்தக் கோடு போட்டு, பக்கத்துல கையெழுத்தும் தேதியும் போடணும்னு மிஸ் ஷியோங் சொல்லியிருந்தாங்க. மையால பூசி மறைக்கக் கூடாதாம். அடியில என்ன இருந்துச்சுன்னு தெரியணுமாம். அப்பத்தான் அது திருத்தம்.

பச்சை டிக் ஒண்ணு கூடுச்சு. இப்ப ரெண்டு. மேல பழசு, கீழ புதுசு. பழசு போகல. அது அங்கயேதான் இருந்துச்சு, தேதியோட. எடம் உண்டா இல்லையாங்கிற பக்கத்தத் தொறந்து பாத்தா. 'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.' நேத்தும் அதான் இருந்துச்சு.

ஆறு மணிக்கு ரெண்டே பேரு வந்தாங்க. ஹசிந்தோ கை கழுவப் போனான். சிரிலோ கழுவாம நேரா மேசைக்கு வந்தாரு. நகக்கண்ணெல்லாம் பச்சையாப் பிசினு. ஒடிலியா முன்னாடி கெடந்த தாள எடுத்துப் பாத்தாரு. அவருக்கு எழுத்து தெரியாது, ஆனா தாள நேராத்தான் புடிச்சிருந்தாரு, கோடு எங்க இருக்குன்னு தெரிஞ்சுச்சு.

"இதுல எது நானு?"

காட்டுனா. அவரு கோட்டு மேல வெரல வச்சாரு. ஈரம் பட்டு மை லேசாப் பரவுச்சு. ஒடனே கைய எடுத்துக்கிட்டு, சட்டையில தொடச்சாரு, ஆனா பக்கத்துலயே நின்னாரு.

"அபுந்தியோ வேலைக்கும் வரல. மேஸ்திரி கேட்டான். எனக்குத் தெரியாதுன்னேன்." அப்புறம் குனிஞ்சு, ஹசிந்தோவுக்குக் கேக்காத கொரல்ல கேட்டாரு. "தாயி, கோடு போட்டாலும் பேரு அடியில தெரியுதே. படிக்கத் தெரியாத எனக்கே தெரியுது. அங்க இருக்கிறவன் அதப் படிக்காமலா இருப்பான்?"